குதிகால் வலிக்கு வெந்நீர்

அக்கா உட்கார மாட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே நிக்கிற டீச்சர்தான். பெயர் வைத்தது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். அவள் காதில் விழாத இடத்தில் நாங்களும், கூட வேலை பார்த்த டீச்சர்கள், அப்படித்தான் சொல்வோம். காலை மணி அடித்ததிலிருந்து சாயங்காலக் கடைசி மணி வரை கரும்பலகைக்கும் வாசலுக்கும் நடுவே நின்றுகொண்டோ நடந்துகொண்டோ இருப்பாள். அவளுக்குப் போட்ட நாற்காலியில் பிள்ளைகளின் சிலேட்டுகள் அடுக்கியிருக்கும். யாராவது அந்த நாற்காலியைக் காலி பண்ணி இழுத்துப் போட்டால், "இருக்கட்டும், எனக்கு நின்னாத்தான் சௌகரியம்" என்று சின்னதாகச் சிரிப்பாள். அதற்குமேல் வற்புறுத்த யாருக்கும் மனசு வராது.

ஐம்பதுகளின் கடைசியில் எனக்குத் திண்டுக்கல்லில் முதல் வேலை கிடைத்தது. வடமதுரையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர அப்பா சம்மதிக்கவில்லை. தனியாகத் தங்கவும் சம்மதிக்கவில்லை. அதே பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி, முப்பது வயதை நெருங்கியவள், மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவள், அவளோடு சேர்ந்து தங்குவதென்றால் சரி என்றார். வத்தலக்குண்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்தாள் அவள். நாலு குடித்தனம் இருந்த காம்பவுண்டு வீட்டில் எங்களுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. வேதம் வேறு, சாதி வேறு. மூன்று வருடம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். அவளை நான் அக்கா என்பேன், அவள் என்னைப் புள்ள என்பாள்.

இந்தக் கதையைக் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னால் சொல்லி முடிக்க முடியாது. அதனால் நேராகவே சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்குக் கக்கூஸ் கிடையாது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணுக்கு வருகைப் பதிவேட்டைக் காட்டுவதற்கு முன்னாலேயே மூத்தவர்கள் காதோடு ஒன்று சொல்லிவிடுவார்கள்: காலையில் ஒரு வாய் காப்பியோடு நிறுத்திக்கொள், வீடு திரும்புகிற வரைக்கும் சொட்டுத் தண்ணீர் குடிக்காதே. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். சித்திரை வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, 'தண்ணீரின் பயன்கள்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பாடம் நடத்தினோம்.

வீட்டிலும் இதே கதிதான். நாலு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே எடுப்புக் கக்கூஸ். உள்ளே போய்ச் செத்த நேரம் ஆனால் போதும், வெளியே வாளியோடு நிற்கிறவர் தொண்டையைக் கனைப்பார். உடம்பு கேட்கிறபோது அடக்குவதும், ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய் முக்குவதுமாக எங்கள் காலம் போனது.

தண்ணீரோ இன்னொரு பாடு. தெருக்குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும், அதுவும் ஒரு மணி நேரம். அக்காதான் போய் வரிசையில் நிற்பாள். எனக்கு நிற்கப் பிடிக்காது, அவளுக்கு நிற்பது பழக்கம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன். இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாக ஐந்து நடை நடப்பாள்.

ஒரு தடவை இன்ஸ்பெக்டர் வந்தார். எல்லா வகுப்பையும் சுற்றிப் பார்த்தவர் அக்காவின் வகுப்பில் நாற்காலிமேல் இருந்த சிலேட்டு அடுக்கைக் கண்டதும் மனம் குளிர்ந்துபோனார். இருபது வருட உத்தியோகத்தில் உட்காராத வாத்தியாரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று எங்கள் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். மறுவாரமே தலைமையாசிரியை மற்ற வகுப்புகளில் இருந்த நாற்காலிகளை எடுக்கச் சொல்லிவிட்டாள். அந்த வருடம் முழுக்க டீச்சர்கள் அக்காவைத் திட்டாத நாள் இல்லை. இன்ஸ்பெக்டர் பாராட்டிய அன்று வீட்டுக்கு வந்த அக்கா ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே வெகுநேரம் கிடந்தாள். பெருமையில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்தேன். என் புத்தி அப்போது அந்த அளவில்தான் இருந்தது.

காந்திகிராமத்தில் ஒரு ஆசிரியர் கூட்டம் நடந்தது. பஸ்ஸில் ஏறியதும் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் சிறுமலை வாழைத்தாரைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கிழவி ஏறினாள். அக்கா உடனே எழுந்து இடத்தைக் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எத்தனையோ இடம் காலியானது, உட்காரவில்லை. கோயிலில் சாமியாரின் பிரசங்கம் நீண்டாலும் தூணோரம் நின்றே கேட்பாளாம். தவக்காலத்தில் ஒருபொழுது என்று மற்றவர்கள் ஒரு வேளை விட்டால் இவள் இரண்டு வேளை விடுவாள். தவக்காலம் முடிந்த பிறகும் அவள் சாப்பாடு ஏறவில்லை. இரண்டு கரண்டி வெள்ளைச்சோறு, கொஞ்சம் ரசம். கீரை வேண்டாம், பயறு வேண்டாம். உள்ளே போவது குறைந்தால் வெளியே போகும் தொல்லையும் குறையும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அது எவ்வளவு தப்பான கணக்கு என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் அவள் அப்படிக் கணக்குப் போடுகிறாள் என்பதுதான் தெரியாது. பக்தி என்று நினைத்தேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் அடுத்து சொல்ல வேண்டும்.

வேலைக்கு வந்த முதல் வருடக் கடைசியில் எனக்கு மூலம் வந்தது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'மூலம், பவுத்திரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அந்தச் சுவரைத் தாண்டும்போது நானும் அக்காவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்போம். அது எனக்கே வந்தபோது செத்துப்போகலாம்போல் இருந்தது. ஆசனவாயின் ஓரத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம். அரிப்பு, எரிச்சல், உட்கார்ந்தால் உயிர் போகும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது அம்மா எப்படியோ கண்டுபிடித்து, ஊர் டிஸ்பென்சரியில் இருந்த நர்ஸம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். நர்ஸம்மா பார்த்துவிட்டு, வெளிமூலம், ஒன்றும் பயமில்லை, ஊரில் பாதிப் பேருக்கு இருப்பதுதான் என்றாள். இடுப்பு கொள்ளும் அகலமான பேசினில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டுக் கால்மணி நேரம் அதில் உட்காரச் சொன்னாள். நிறையத் தண்ணீர், கீரை, பழம், முக்காதே, அடக்காதே. மூன்றே வாரத்தில் எனக்குப் பாதிக்கு மேல் சரியாகிவிட்டது.

ஜூன் மாதம் திண்டுக்கல்லுக்குத் திரும்பும்போது ஒரு பெரிய எனாமல் பேசினும் என்னோடு வந்தது. எதற்கு என்று அக்கா கேட்டாள். கதவைச் சாத்திக்கொள்ள வேண்டுமே, அதற்கும் சேர்த்து ஒரு பொய் வேண்டியிருந்தது. குதிகால் வலி, முழங்கால் வரைக்கும் வெந்நீரில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், சேலையை வழித்துச் செருகிக்கொண்டு உட்கார வெட்கமாக இருக்கிறது என்றேன். அக்கா நம்பினாள். யார் என்ன சொன்னாலும் நம்புகிறவள்தான் அவள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளே அடுப்பை மூட்டி வெந்நீர் வைக்க ஆரம்பித்தாள். வேண்டாம் என்று நான் சொல்லத்தான் செய்தேன், ஆனால் ஒப்புக்குத்தான். அடுப்பு முன்னால் குந்தியும் உட்கார மாட்டாள். குனிந்து நின்றபடியே ஊதுகுழலால் ஊதுவாள். வரிசையில் நின்று பிடித்து, இடுப்பில் சுமந்து வந்த தண்ணீர் அது. சூடு பதம் பார்த்துப் பேசினில் ஊற்றிவிட்டு, "காலை வச்சுப் பாரு புள்ள, சுடுதா?" என்பாள். நான் காலை வைத்துப் பார்ப்பேன். சரியாக இருக்கிறது என்பேன். அவள் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் அதில் உட்கார்ந்துகொள்வேன். கால்மணி நேரம் அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பாள்.

எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொன்னால் அது பொய். ஐப்பசியில் ஒருநாள் துவைகல்லில் அவள் உள்பாவாடையை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரத்தக் கறை. ஒரே அறையில் இருக்கிற இரண்டு பெண்களுக்கு ஒருத்தியின் தூர நாள் மற்றவளுக்குத் தெரியும். அது அந்த நாள் இல்லை. நிற்பது, ஒருக்களித்துப் படுப்பது, சாப்பாட்டைக் குறைப்பது, இந்தக் கறை, எல்லாம் சேர்ந்து ஒரு கணத்தில் எனக்குப் புரிந்துபோனது. "அக்கா" என்றேன். அவள் திரும்பி, "என்ன புள்ள?" என்றாள். கேட்டால் என் குதிகால் கதையும் வெளியே வந்துவிடுமே. "சோப்பு மிச்சமிருக்கா?" என்று கேட்டேன். இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தாள்.

சின்ன விஷயம்தானே, தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது சின்ன விஷயம் என்று ஒரு நர்ஸம்மா சொல்லியிருந்தாள். அவளுக்கு யார் சொன்னார்கள்?

அந்த மார்கழியில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. சின்னாளபட்டிப் பக்கம் வாத்தியார், மனைவியை இழந்தவர், நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. மனிதர் அதிகம் பேசவில்லை; பேசியதெல்லாம் மரியாதையாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். குழந்தை வந்ததும் அக்காவின் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டது. தூக்கி இடுப்பில் வைத்தாள். அப்படியே தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. கீழே போடுங்கள் என்று அவர் சொன்னார், உட்காருங்கள் அக்கா என்று நான் சொன்னேன். பரவாயில்லை என்று தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள். அவர்கள் போன பிறகும் அந்தத் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடமாடினாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று சபைக்கு முன் அறிவிப்பது. தை மாதம் முதல் ஓலை வாசித்தார்கள், இரண்டாவதும் வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிற்றுக்கு முதல்நாள் அக்கா தானே சாமியாரிடம் போய் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தாள். பெண்ணே போய் ஓலையை நிறுத்துவது ஊரில் யாரும் கேள்விப்படாத விஷயம். பேசாத வாயெல்லாம் பேசியது. வேறு எவனோ இருக்கிறான் என்றார்கள். அவளுடைய அப்பா கிராமத்திலிருந்து வந்தவர் எங்கள் அறை வாசற்படியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அவருகிட்ட என்னத்தா குறை கண்ட?"

"அவருகிட்ட ஒரு குறையும் இல்லப்பா. எனக்கு வேணாம்."

பெரியவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். ஈஸ்டர் முடிந்ததும் அந்த வாத்தியாருக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆனது. செய்தி வந்த அன்றும் அக்கா எனக்கு வெந்நீர் வைத்தாள்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் வகுப்பில் அவள் கரும்பலகையைப் பிடித்தபடியே சரிந்து முழங்காலிட்டுவிட்டாள். பிள்ளைகள் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார்கள். முகமெல்லாம் வேர்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். குதிரை வண்டியில் உட்கார முடியாமல் என் மடியில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வந்தாள். டவுனில் இருந்த ஒரு லேடி டாக்டரிடம் கொண்டுபோனேன். அந்த அம்மா பழனிப் பக்கத்துக்காரர், எல்லோரையும் வாங்க போங்க என்பவர்.

டாக்டர் நன்றாகப் பார்த்தார். உள்ளேயும் விரல் விட்டுப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "வெளிமூலமுங்க. ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்குது, அதான் இத்தனை வலி. ரெண்டு வாரத்துல தானா கரைஞ்சுரும். எத்தனை நாளா இருக்குதுங்க?" என்றார்.

அக்கா மேசைமேல் கவிழ்ந்தபடியே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள். "ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. இம்புட்டு நாளு இருந்ததே அதிகம்னு நெனச்சேன். எங்காத்தாவும் இப்படித்தாங்க, உக்கார மாட்டா. கீழ ரத்தம் போயிப் போயி நான் நாலாப்பு படிக்கையில செத்துப்போனா. புத்துநோவுன்னாக."

டாக்டர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டார். "உங்கம்மாவுக்கு என்னன்னு எனக்குத் தெரியாதுங்க. ரத்தம் போச்சுன்னா ஒருக்கா காட்டத்தான் வேணும், அதுல தப்பில்ல. இப்பப் பாத்தாச்சு. உங்களுக்கு அது இல்லீங்க. இதுல யாரும் சாகறதில்ல."

அவர் சொன்ன வைத்தியம் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்ததுதான். வெந்நீர்ப் பேசினில் தினம் இரண்டு மூன்று தடவை கால்மணி நேரம். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், பள்ளிக்கூடமானாலும் சரி. கீரை, பயறு, மலைவாழைப்பழம். உடம்பு கேட்கும்போது உடனே போய்விட வேண்டும், முக்கக் கூடாது, அங்கே குந்தியே நேரம் போக்கக் கூடாது. தண்ணீரால் மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைக்க வேண்டும். வலி கூடினாலோ மறுபடி ரத்தம் போனாலோ வரச் சொன்னார். கத்தி இல்லை, ஊசிகூட இல்லை.

வரும் வழியில் வண்டியில் அவள் என் மடியில் படுத்துக்கொண்டு, வண்டிச் சத்தத்தில் கேட்டும் கேட்காமலும் சொன்னாள். "ரெண்டாவது ஓலை வாசிச்ச வாரந்தான் ரத்தம் நெறையாப் போச்சு. அந்தப் புள்ள ஒருக்கா ஆத்தாளப் பறிகுடுத்த புள்ள. மறுக்காவும் பறிகுடுக்கணுமான்னு பாத்தேன்." அவ்வளவுதான் சொன்னாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, முதல் தடவையாக நான் அடுப்பை மூட்டினேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பேசினை இழுத்து வெந்நீர் ஊற்றி, எப்படி உட்கார வேண்டும், சேலையை எப்படிச் செருக வேண்டும், எந்தப் பக்கம் கையை ஊன்ற வேண்டும் என்று மளமளவென்று சொன்னேன். சொல்லிக்கொண்டு போகும்போதே அவள் என்னைப் பார்ப்பது தெரிந்தது.

"இம்புட்டும் உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் பேசினைப் பார்த்தாள். பிறகு என் குதிகாலைப் பார்த்தாள்.

"நாந்தான புள்ள தெனமும் சுட வச்சேன்" என்றாள்.

திட்டியிருக்கலாம். காறித் துப்பியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து தண்ணீர்ச் சத்தம்கூட வரவில்லை. கால்மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு மாதத்தில் அவளுக்கு நன்றாகிவிட்டது. ஒருநாள் வகுப்பில் நாற்காலிமேல் இருந்த சிலேட்டுகளைக் கீழே இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாளாம். டீச்சருக்கு மறுபடியும் மயக்கம் என்று நினைத்துப் பிள்ளைகள் மொத்தமும் எழுந்து நின்றுவிட்டார்களாம். இதை அவளே வந்து என்னிடம் சொன்னாள், சிரித்துக்கொண்டே சொன்னாள். என்னோடு முன்போலவே பேசினாள், சாப்பிட்டாள். ஆனால் தனக்கு வேண்டிய வெந்நீரைத் தானே வைத்துக்கொண்டாள், என்னைத் தொட விடவில்லை. கோடை விடுமுறைக்கு முன்னால் தன் ஊர்ப் பக்கத்துக்கே மாற்றல் வாங்கிக்கொண்டாள். கல்யாணம் அவள் கடைசிவரை செய்துகொள்ளவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அவள் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பேசினைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். என்னிடம் கொடுப்பதற்கு வேறென்ன இருந்தது? ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் சாக்கை நீட்டுவதற்குள் கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். அக்கா எழுந்து அவளை உட்கார வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அவளுக்கு வலி ஒன்றும் இல்லை.

வண்டி கிளம்பப்போகிற நேரம். குழந்தைக்காரியின் தலைக்கு மேலாகக் குனிந்து ஜன்னல் வழியே என்னைப் பார்த்தாள். "அது உங்கிட்டயே இருக்கட்டும். எனக்கு அடுத்து யாராச்சும் ஒருத்தி அந்த ரூமுக்கு வருவாள்ல" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள்.

"அவ கேட்டா, குதிகால் வலின்னு மட்டும் சொல்லாத புள்ள."